கோடு பெருகினால் காடு பெருகுமா?

வனத்தையும் வனவிலங்கையும் காத்தல் நற்பணி என்பதில் இன்று எவருக்கும் ஐயமில்லை. ஆயின் ஐயத்துக்கு இடமற்றவை எனக் கருதப்படும் நற்பணிகளே பெரும்பாலும் ஆராய்ச்சிக்கு உட்படுத்தப்படாது விடப்படுகின்றன. தேசிய பூங்காவொன்றின் எல்லை விரிவாக்கப்பட்டது, அல்லது புதிய பேணற்காடொன்று பிரகடனப்படுத்தப்பட்டது என்ற செய்தி வெளிவந்ததும் நகர்வாழ் படித்த வர்க்கம் மகிழ்ச்சியுறுகின்றது. எல்லையை விரித்தவர் யார், எந்த நடைமுறையின் வழி விரித்தார், விரிந்த எல்லைக்குள் அகப்பட்டோர் யாவர் என்னும் மூன்று வினாக்களும் அம்மகிழ்ச்சியில் அமிழ்ந்துவிடுகின்றன. இம்மூன்று வினாக்களையும் எழுப்பாத வனப் பாதுகாப்பு, மக்களுக்கு மாத்திரமன்றி ஈற்றில் வனத்துக்கும் கேடாகவே முடியும்.

முதலில் சட்டத்தை நோக்குவோம். பூங்காவின் எல்லை ‘சட்டத்தின் மூலம்’ விரிவாக்கப்படுகின்றது என்பது இலங்கையைப் பொறுத்தவரை ஓர் இடக்கரடக்கலேயாகும். சட்டம் என்றதும் சாதாரண குடிமகன் மனத்தில் எழுவது பாராளுமன்றம், சட்டமூலம், மூன்று வாசிப்புகள், விவாதம், வாக்கெடுப்பு என்பனவாம். ஆனால் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக்கான 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் கீழ், அரச காணியில் எந்தப் பரப்பையும் தேசிய ஒதுக்கமாக அமைச்சர் வர்த்தமானிக் கட்டளையொன்றினாற் பிரகடனப்படுத்தலாம். தேசிய பூங்கா அவ்வொதுக்கங்களுள் ஒரு வகை. ஒவ்வோர் எல்லைக்கும் தனித்தனிச் சட்டமூலம் வேண்டுமென்ற முறை இங்கில்லை. காட்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழ் ஒதுக்குக் காடுகளும் பேணற்காடுகளும் பிறப்பதும் வர்த்தமானியின் வழியேதான்.

இம்முறையின் விரைவை யால பூங்காவின் வரலாற்றிற் காணலாம். 1938 இல் அது தேசிய பூங்காவானபோது இன்றைய முதலாம் பிரிவே அதன் பரப்பாயிருந்தது. ஏறத்தாழ 14,000 ஹெக்டேயர். 1954, 1967, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் மேலும் நான்கு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. இன்று ஐந்து பிரிவுகளும் ஏறத்தாழ 97,900 ஹெக்டேயர் ஆகும். முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு பூங்கா ஏழு மடங்காகப் பெருகியுள்ளது. இப்பெருக்கம் வேண்டாததென்று எவரும் கூறார். கேள்வி யாதெனில், ஒரு நாட்டின் நிலப்பரப்பில் இத்துணைப் பெரும் பகுதியின் பயன்பாட்டை என்றென்றைக்குமாக மாற்றும் தீர்மானம் ஒரு கையொப்பத்துக்குரிய அலுவலாக இருத்தல் தகுமா என்பதே.

இக்கையொப்பத்தின் வலிமை எங்கிருந்து வந்தது? ‘அரச காணி’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அச்சொல்லின் பிறப்போ குடியேற்றவாதத்தின் வரலாற்றோடு பிணைந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் காடு, தரிசு, குடியிராத நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும் எதிர்மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவெனக் கொண்டது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேவைப்பட்ட காலம் அது. அந்நிலங்களை வாங்கித் தோட்டக்காரரானோருள் ஆங்கில அதிகாரிகளும் இருந்தனர். 1897 இன் தரிசுநிலக் கட்டளைச்சட்டம் அதே பணியை மேலும் முறைப்படுத்திற்று. எழுத்தில் உறுதியில்லாதவன் நிலமற்றவன் என்னும் கோட்பாடு இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. சேனை செய்தவன், தேன் எடுத்தவன், மேய்ச்சலுக்கு மாடு விட்டவன் எவனிடத்தும் உறுதி இருந்ததில்லை. அவனுடைய உரிமை வழக்காற்றில் இருந்தது. வழக்காறு நீதிமன்றத்தில் எளிதில் நிரூபிக்கப்படுவதன்று.

வனவிலங்குப் பாதுகாப்பின் தொடக்கமும் இதே வர்க்கச் சூழலில் நிகழ்ந்ததே. 1894 இல் தோன்றிய வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தினர் விலங்கு அருகிவருவதைக் கண்டு கவலையுற்றனர். விளையாட்டாகச் சுடுவதற்கு விலங்கு எஞ்சாது என்பதும் அக்கவலையின் ஒரு கூறு. துப்பாக்கியோடு வந்தவன் விளையாட்டு வீரனெனப் பெயர் பெற்றான். அம்போடு நின்றவன் திருட்டு வேட்டைக்காரனானான். அக்காலத்தோரின் முயற்சியினால் விலங்குகள் சில பிழைத்தன என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற சட்டத்தின் உள்ளுறையை விடுதலை பெற்ற நாடு ஆராயாது ஏற்றுக்கொண்டதையும் மறைத்தலாகாது.

இதன் விளைவை முதலில் அனுபவித்தோர் இந்நாட்டின் ஆதிக்குடிகளே. துரிதப்படுத்தப்பட்ட மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் நீர்த்தேக்கங்களுக்கு நீரேந்து பரப்பு வேண்டியிருந்தது; அத்திட்டத்தினால் வாழிடமிழந்த விலங்குகளுக்குப் புகலிடமும் வேண்டியிருந்தது. 1983 நவம்பர் 9 ஆந் திகதி 58,850 ஹெக்டேயர் பரப்பு மாதுறு ஓயா தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வேடர் வேட்டையாடியும் தேனெடுத்தும் வந்த காடு அந்தக் கோட்டுக்குள் அடங்கிற்று. தம்மை ‘வன்னியல எத்தோ’, அதாவது வனத்து மக்கள், என அழைத்துக்கொள்ளும் அவர்களின் குடும்பங்கள் ஹெனானிகல முதலிய மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தலைவர் ஊறு வரிகே திசாஹாமியும் அவரைச் சார்ந்த சிலரும் தம்பானையை விட்டு அகல மறுத்தனர். முந்திய நாள்வரை வாழ்க்கையாயிருந்தது மறுநாள் குற்றமாயிற்று. திசாஹாமி 1998 இல் மறைந்தார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1996 இல், அவருடைய மகன் வன்னில எத்தோ ஜெனீவா சென்று ஐக்கிய நாடுகளின் ஆதிக்குடிகள் பற்றிய செயற்குழுவின் முன் தம் மக்களின் குறையை எடுத்துரைக்க வேண்டியிருந்தது. சொந்த நாட்டின் தலைநகரிற் கேட்கப்படாத குரல் கடல் கடந்துதான் ஒலிக்க வேண்டும் என்பது எத்தகைய சனநாயகம்?

இங்கு ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. நீர்த்தேக்கங்களுக்கும் கால்வாய்களுக்கும் குடியேற்றங்களுக்குமாக மகாவலிப் படுகையில் அழிக்கப்பட்ட காடு பெரும் பரப்பினது. அவ்வழிவை ஈடுசெய்வதற்கெனப் பூங்கா வகுக்கப்பட்டபோது, காட்டை அழிக்காது அதனுள் வாழ்ந்தவன் வெளியேற்றப்பட்டான். அழித்தவனின் கடனை அழிக்காதவன் இறுத்தான்.

இரண்டாவது உதாரணம் தமிழ் பேசும் மக்களுக்கு அண்மையானது. ஆகவே அதிகம் கூச்சந்தருவது. வில்பத்துத் தேசிய பூங்காவின் வடக்கெல்லையாக மோதரகம் ஆறு ஓடுகின்றது. அதற்கப்பால் மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசம். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி முதலிய கிராமங்கள் அங்குள்ளன. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இக்கிராமங்களும் வெறுமையாயின. எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களின் வெளியேற்றம் அது. புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. கைவிடப்பட்ட வீட்டுநிலத்திலும் தோட்டத்திலும் பற்றையும் மரமும் வளர்ந்தன. 2009 இல் யுத்தம் முடிந்தது. 2012 ஒக்டோபரில், மீள்குடியேற்றம் இன்னும் நிறைவுறாத நிலையில், அப்பகுதியின் பெரும் பரப்பு வர்த்தமானி மூலம் ஒதுக்குக் காடானது. 2017 மார்ச் 24 ஆந் திகதி அவ்வொதுக்குக் காடுகளும் வில்பத்து வடக்குச் சரணாலயமும் ஒன்றிணைக்கப்பட்டு, 40,030 ஹெக்டேயர் பரப்புள்ள மாவில்லு பேணற்காடு பிரகடனப்படுத்தப்பட்டது. அப்பிரகடனத்தில் அன்றைய சனாதிபதி கையொப்பமிட்டது முசலியிலுமன்று, கொழும்பிலுமன்று. உத்தியோகபூர்வ விசயமாகச் சென்றிருந்த மொஸ்கோ நகரில். மறிச்சுக்கட்டி மக்கள் வாரக்கணக்காக வீதியோரத்தில் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர்.

ஊரில் இல்லாதவனிடம் கருத்துக் கேட்பது எங்ஙனம்? அவன் ஏன் ஊரில் இல்லை என்று கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். நெடுங்காலம் ஆயுதத்தால் விலக்கி வைக்கப்பட்டவனின் முற்றத்தில் முளைத்த மரத்தைச் சான்றாகக் காட்டி, இது காடு என்று வரைபடத்திற் பச்சை பூசுவது 1840 இன் தருக்கமேயன்றி வேறன்று. குடியிராத நிலம் அரசினது என்றான் அன்றைய ஆங்கிலேயன்; ஏன் குடியிருக்கவில்லை என அவனும் கேட்டதில்லை. இதே முசலிக் கரையிலுள்ள தமிழ்க் கிராமமாகிய முள்ளிக்குளத்தின் மக்கள் 2007 இல் இடம்பெயர்ந்தபின் அவ்வூரிற் கடற்படை முகாம் அமைந்தது. காட்டின் பேரிலும் பாதுகாப்பின் பேரிலும் நிலத்தை இழப்போர் ஒரே வகைப்பட்ட மக்களாகவே இருக்கின்றனர். தம் நிலம் பற்றி நியாயமாகக் குரலெழுப்பும் தமிழர், அயல் கிராமத்து முஸ்லிமின் நிலம் பற்றி மௌனம் சாதிப்பாராயின் அவர் கேட்பது நீதியன்று, சலுகையே.

மறுபக்கமும் கூறப்படல் வேண்டும். மீள்குடியேற்றத்தின் பெயரால் அப்பகுதியில் அரசியற் செல்வாக்குடன் காடு வெட்டப்பட்டதும் உண்மை. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு ஒதுக்குக் காட்டிற் செய்யப்பட்ட வெட்டு சட்டவிரோதமானதெனத் தீர்த்து, மீள்வனமாக்கலுக்கான செலவை அதற்குப் பொறுப்பான முன்னாள் அமைச்சரே ஏற்க வேண்டுமெனப் பணித்தது. இத்தீர்ப்பைக் காட்டி மக்கள் அனைவரும் காட்டை அழிப்போர் எனப் பிரசாரம் செய்யப்பட்டது. உண்மையில் அமைச்சரின் கட்டளையாற் காடு வெட்டப்பட்டதும், வேறோர் அமைச்சின் கட்டளையாற் கிராமம் காடாக்கப்பட்டதும் ஒரே நோயின் இரு குறிகள். இரண்டிலும் தீர்மானம் மேலிருந்து வந்தது. எந்தக் காணி எவருடையது, எந்த மரம் எக்காலத்தது என்பதைக் கிராமத்தவரை வைத்துக்கொண்டு நிலத்தில் நின்று தீர்க்கும் நேர்மையான விசாரணை முதலிலேயே நடந்திருப்பின், வெட்டியவனுக்கு மக்கள் பின்னால் ஒளிந்துகொள்ள இடமிருந்திராது.

இக்கண்டனத்துக்கு எதிராக இரு வாதங்கள் முன்வைக்கப்படுவதுண்டு. விவாதித்துக்கொண்டிருந்தால் காடு எஞ்சாது, ஆகவே விரைவு தேவை என்பது ஒன்று. மக்கள் வாழும் இடத்தில் விலங்கு வாழாது, ஆகவே பிரிப்பு தேவை என்பது மற்றொன்று.

இரண்டாவதை முதலில் நோக்குவோம். இலங்கையின் யானைகள் பற்றி 2021 இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வொன்று, நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானை நடமாடுகின்றதென்றும், அப்பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் வதிகின்றனரென்றும் காட்டிற்று. வர்த்தமானியை வாசிக்கும் வழக்கம் யானைக்கில்லை. பூங்காவின் நிருவாக எல்லைவழியே மின்வேலி இட்டபோது வேலியின் இரு பக்கத்திலும் யானைகள் நின்றன. ஏனெனில் அந்த எல்லை இரு திணைக்களங்களின் அதிகாரத்தைப் பிரிக்கும் கோடேயன்றி யானையின் வாழிடத்தைப் பிரிக்கும் கோடன்று. பூங்காக்களும் ஒதுக்கங்களும் பெருகிவந்த இந்நாட்டிலேயே 2019 ஆம் ஆண்டு மாத்திரம் நானூறுக்கும் மேற்பட்ட யானைகளும் ஏறத்தாழ நூற்றிருபது மனிதரும் மாண்டனர். ஆகவே கோட்டுக்கு வெளியே வாழும் விவசாயியின் ஒத்துழைப்பின்றி யானைக்குப் பிழைப்பில்லை. அவ்விவசாயியைப் பகைவனாக்கிவிட்டுப் பூங்காவை விரிப்பவன் யானைக்கும் பகைவனே.

விரைவு வேண்டுமென்ற வாதத்துக்கு அமெரிக்க நாட்டின் அனுபவம் தக்க விடையாகும். கலிபோர்ணியாவின் வட கரையோரத்தில் செம்மரப் பெருங்காடுகள் உள்ளன. 1968 இல் அந்நாட்டுக் காங்கிரஸ் 58,000 ஏக்கர் அளவில் றெட்வூட் தேசிய பூங்காவை நிறுவியது. மரக் கம்பனிகளோடு செய்துகொண்ட இணக்கத்தின் விளைவாக, உலகின் மிக உயர்ந்த மரங்கள் நின்ற றெட்வூட் ஓடையின் கரையில் ஏறத்தாழ அரை மைல் அகலமான நாடா போன்ற நிலமே பூங்காவிற் சேர்ந்தது. அதன் வடிவத்தைக் கண்டோர் ‘புழு’ எனக் கேலிப்பெயரிட்டனர். மேற்சரிவுகளில் மரம் மொட்டையாக வெட்டப்பட்டது. மழையில் மண் கரைந்து ஓடையை நிரப்பிற்று. காக்கப்பட்ட மரங்களின் வேருக்கே ஆபத்து வந்தது. எல்லையை விரிக்க வேண்டுமென்ற சட்டமூலத்தைப் பிலிப் பேர்ட்டன் என்னும் பிரதிநிதி முன்னெடுத்தார். மரத் தொழிலாளர் கொதித்தெழுந்தனர். 1977 இல் அவர்கள் பாரவண்டிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு வாஷிங்டன் சென்றனர். நிலக்கடலை விவசாயியாயிருந்த சனாதிபதி கார்ட்டரைக் குத்திக்காட்டுமுகமாக, செம்மரக் கட்டையில் நிலக்கடலை வடிவைச் செதுக்கி ஏற்றிச்சென்றனர். வெள்ளை மாளிகை அதை ஏற்கவில்லை. ஆயினும் அவர்தம் எதிர்ப்பு சட்டத்தின் வாசகத்திற் புகுந்தது. 1978 மார்ச் 27 ஆந் திகதி கையொப்பமிடப்பட்ட சட்டம் 48,000 ஏக்கரைப் பூங்காவுடன் சேர்த்தது. மேற்பகுதியில் 30,000 ஏக்கரைப் பாதுகாப்பு வலயமாகக் குறித்தது. சிதைந்த சரிவுகளைச் சீர்செய்ய 33 மில்லியன் டொலர் வரை ஒதுக்க அதிகாரமளித்தது. வேலையிழப்போருக்கு வருமான ஈடும் மறுபயிற்சியும் வழங்கத் தனிப் பகுதியொன்றையே கொண்டிருந்தது.

அமெரிக்க முதலாளித்துவத்துக்குப் புகழ்மாலை சூட்டுவது இவ்வுதாரணத்தின் நோக்கமன்று. மறுபயிற்சித் திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லையெனப் பின்னர் கண்டிக்கப்பட்டது. காட்டின் ஆதிக்குடிகளாகிய யூறொக் மக்களுக்கு ஒரு சிறு நிலத்தை மீள அளிக்கும் உடன்படிக்கை 2024 இலேயே கைச்சாத்தாயிற்று. எனினும் இரு பாடங்கள் உள. முதல் எல்லை, கம்பனிகளை நோகாது வரையப்பட்டதால் பிழைத்தது. விரிந்த எல்லை நீரேந்து பரப்பைத் தழுவி வரையப்பட்டதால் காட்டைக் காத்தது. கோடு அதிகாரியின் வசதிப்படி அல்லாது நீரோட்டத்தின்படி செல்ல வேண்டும் என்பது ஒரு பாடம். எல்லை விரிவினால் வாழ்விழப்பவன் யாரென்பது சட்டத்தின் வாசகத்திலேயே பெயர் சுட்டி எழுதப்படவேண்டும் என்பது மற்றது. விவாதம் அங்கு காட்டைக் கொல்லவில்லை. காட்டைக் காக்கும் சட்டத்தை முழுமையாக்கிற்று.

அயல்நாடாகிய இந்தியாவும் குறைகள் மலிந்ததே. எனினும் அந்நாட்டின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், எல்லை இறுதியாகுமுன் மாவட்ட ஆட்சியர் அப்பகுதி ஊர்களில் பிரதேச மொழியில் அறிவித்தல் வெளியிட்டு, மக்களின் உரிமைக் கோரிக்கைகளை விசாரிக்க வேண்டுமெனக் கூறுகின்றது. 2006 இன் வன உரிமைச் சட்டம் அதற்கும் அப்பாற் சென்று கிராமசபைக்கு இடமளித்தது. அதன் வழியாகக் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் 2011 இல் சமுதாய வன உரிமை பெற்றனர். புலிகளின் காப்பகத்துள்ளேயே பெற்றனர். அதனாற் புலி அங்கு அழிந்துவிடவில்லை. இலங்கைக் கட்டளைச்சட்டமோ நிலம் அரசினது என்ற எடுகோளிலிருந்தே தொடங்குகின்றது. ஆகையால் அங்கு வாழ்வோனின் உரிமை யாது என்னும் வினா தொடக்கத்திலேயே புறந்தள்ளப்படுகின்றது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. தேசிய பூங்காவொன்றையோ பேணற்காட்டையோ நிறுவும், விரிக்கும், சுருக்கும் எத்தீர்மானமும் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டு விவாதிக்கப்படல் வேண்டும். அதற்குமுன் ஊர்தோறும் சிங்களத்திலும் தமிழிலும் அறிவித்து, உறுதியை மாத்திரமன்றி வழக்காற்றையும் சான்றாகக் கொள்ளும் விசாரணை நடைபெறல் வேண்டும். யுத்தத்தால் இடம்பெயர்ந்தோரின் இல்லாமையை அவர்தம் நிலத்துரிமைக்கு எதிரான சான்றாகக் கொள்ளல் தடைசெய்யப்படல் வேண்டும். தேன், மூலிகை, விறகு, மேய்ச்சல் என்பவற்றில் வனத்துக்குக் கேடு விளைக்காத வழக்குரிமைகள் பூங்காவினுள்ளும் ஏற்கப்படல் வேண்டும். இழப்பீடு, எல்லை நடைமுறைக்கு வருமுன் கொடுக்கப்படல் வேண்டும். கொடுப்பதாக வாக்களிக்கப்படல் போதாது. சுற்றாடலைச் சமுதாயத்தின் நன்மைக்காகப் பேணுதல் அரசின் கடனென இந்நாட்டு அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை கூறுகின்றது. அச்சமுதாயத்துள் மறிச்சுக்கட்டியும் தம்பானையும் அடங்காவெனின் அவ்வுறுப்புரைக்குப் பொருளில்லை.

இவ்வினா நாளை மேலும் கூர்மையடையவிருக்கின்றது. உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2022 டிசம்பரில் மொன்றியல் நகரிற் கூடி, 2030 ஆம் ஆண்டளவில் உலக நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பதென உடன்பட்டன. அந்த இலக்கின் வாசகத்திலேயே ஆதிக்குடிகளினதும் உள்ளூர்ச் சமுதாயங்களினதும் உரிமைகளை மதித்தல் வேண்டுமென எழுதப்பட்டுள்ளது. முப்பது என்ற எண்ணை மாத்திரம் எடுத்துக்கொண்டு எஞ்சிய வாசகத்தை மறக்கும் ஆட்சியாளருக்கு, வரைபடத்தில் பச்சை பூசுதல் எளிய வழியாகத் தோன்றும். உறுதியில்லாதோரின் நிலமும் ஊரில் இல்லாதோரின் நிலமுமே அப்போதும் முதலிற் பச்சையாகும்.

காடு அழிந்தால் முதலில் வாடுபவன் காட்டோரத்து உழவனே. குளம் வற்றுவதும் யானை வயலுக்கு வருவதும் அவனுக்கே. ஆதலாற் காட்டின் இயல்பான காவலனும் அவனே. அவனை வேலிக்கு வெளியே நிறுத்தி, உல்லாசப் பயணியை வாகனத்தில் ஏற்றி உள்ளே அனுப்பும் ஒழுங்கு நெடுநாள் நிலைக்காது. வனத்தைக் காக்க விழைவோர் முதலில் வர்த்தமானியை மூடிவைத்துவிட்டு அவனிடம் சென்று பேசட்டும். அவன் சம்மதத்துடன் நடப்படும் எல்லைக்கல்லை இரவில் எவரும் பிடுங்கார்.